நடுவே விழும் தட்டு

தச்சநல்லூரில் எங்கள் தெரு ஜெபக்கூட்டத்துக்கு அவர் மகளோடு வருவார். ஒல்லியான முதியவர். அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத தடித்த மணிக்கட்டுகள். பாட்டு தொடங்கியதும் எல்லோரும் கை தட்டுவோம். அவருடைய தட்டு மட்டும் எங்கள் இரண்டு தட்டுகளுக்கு நடுவே தனியாக விழும்.

"பாவம், தாத்தாவுக்கு நிதானம் போயிட்டு. தாளம் நிக்க மாட்டேங்கு" என்பார்கள் பெண்கள்.

மகள் கூசிப்போய் அவர் கைகளைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொள்வாள். "எல்லாரும் பாக்காங்கப்பா. சும்மா இருங்க."

ஒருநாள் கூட்டம் முடிந்து காப்பி குடிக்கும்போது அவரிடமே கேட்டுவிட்டேன்.

"நாப்பது வருசம் பம்பாய் ஓட்டல்லயும் கப்பல்லயும் ஜாஸ் குழுவுல டிரம்ஸ் அடிச்சவன் வே நான். நீங்க தட்டாம விடுத இடத்துலதான் ஜாஸ்ல தட்டணும். இங்கன வந்தா உங்கள மாதிரி தட்டணும்னுதான் நெனைக்கேன். கை கேக்க மாட்டேங்கு."

"மகட்ட சொல்லலாம்லா?"

"சொன்னேன். அத்தன வருசம் வாசிச்ச மனுசனுக்கே தாளம் போயிட்டுன்னு அழுதா. மறுநாளே டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போயிட்டா."

அடுத்த வாரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, துணையாக நானும் நடுவே தட்டிப் பார்த்தேன். ஒரு வரி தாங்கவில்லை. என் கை கூட்டத்தோடு போய்விட்டது.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு, மகள் கை நீட்டும் முன்பே, தன் இரண்டு கைகளையும் அவள் மடியில் கொண்டுபோய் வைத்தார்.