மந்திரிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை

போன வாரம் ஓசூரில் என் வீட்டுக்காரர் வேலை செய்கிற ஃபேக்டரியில் ஆயுத பூஜை. மெஷின்களுக்கெல்லாம் சந்தனப் பொட்டு, குடும்பத்தோடு போன எங்களுக்குப் பொரி, சுண்டல். பகலிலேயே நாடகம். இவருக்கு மந்திரி வேஷம்!

பொருத்தம்தான். ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிற மனுஷன்.

கதை பழசு. இளவரசி எதிரி நாட்டு இளவரசனை விரும்புகிறாள். "பொறு அம்மா, நல்ல நேரம் பார்த்து ராஜாவிடம் நானே பேசுகிறேன்" என்கிறார் மந்திரி. பார்க்கிறார்… பார்க்கிறார்… அதற்குள் ராஜா வேறு மாப்பிள்ளையை முடிவு செய்துவிட, இளவரசி விஷம் குடிக்கிறாள். சேதி கேட்டு அவனும்.

எனக்கு இருப்பே கொள்ளவில்லை. ஏன் தெரியுமா? பக்கத்தில் சுதா. இவருடைய அக்கா மகள். எங்கள் வீட்டில் தங்கித்தான் வேலைக்குப் போகிறாள். கூட வேலை பார்க்கும் ஆனேக்கல் பையனை விரும்புகிறாள் — கன்னடக்காரன். "பொறு கண்ணு, நேரம் பாத்து உங்கப்பாகிட்ட நானே பேசறேன்" என்றார் இவர். கரும்பு வெட்டு முடியட்டும் என்றார். ஆடி போகட்டும் என்றார். இப்போது பாரூரில் அவள் அப்பா, வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வரச் சொல்லி யாருக்கோ வாக்குக் கொடுத்துவிட்டார்!

மேடையில் மந்திரி மாரில் அடித்துக்கொண்டு அழுதார். கட்டியக்காரனாக வந்தவர் காவேரிப்பட்டினத்துக்காரர். பெயிண்ட் ஷாப்பில் வேலை, ஊரில் கூத்து ஆடுகிறவர். எங்கள் பக்கக் கூத்தில் கட்டியக்காரன் யாரையும் எதையும் கேட்கலாம், வசனத்தில் இல்லாததையும். கேட்டுவிட்டார்.

"ஏனுங்க மந்திரி, யோசனை கேட்டவங்க ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்டாங்க. சொன்ன உங்களுக்கு மட்டும் எப்படிங்க ஒண்ணும் ஆகல?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இவருக்கு வசனமே மறந்துபோச்சு. ஒட்டுத்தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். சுதா சிரிக்கவில்லை. விறுவிறுவென்று மேடைக்குப் பின்னால் போனாள். நானும் ஓடினேன்.

"மாமா, அப்பாகிட்ட நானே போய் சொல்லிக்கறேன்."

"இன்னிக்கா? நவமி கண்ணு, வேணாம்!"

அவள் பாரூர் போகக் கிருஷ்ணகிரி பஸ் ஏறிவிட்டாள்.

சாயங்காலம் வரை எனக்கு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடை. என்ன ஆச்சோ, ஏதாச்சோ… கெட்டவனிடம் ஜாக்கிரதையாக இருந்துவிடுகிறோம். நல்லவரை நம்பித்தானே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம்?

விளக்கு வைத்ததும் போன் வந்தது.

"அப்பா கத்துனாரு அத்தை. அம்மா அழுதாங்க. அப்புறம்… 'பையன் தமிழ் பேசுவானா?'ன்னாரு. வெள்ளிக்கிழமை வர்றவங்கள வேணாம்னு சொல்லிட்டாரு!"

அப்பாடா! எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

தாடிப் பசை இன்னும் போகாத முகத்தோடு இவர் சொல்கிறார்:

"பாத்தியா? நேரம் வந்தா தானா நடக்கும்னு நான் அப்பவே சொல்லல?"