சேரம்பாடித் தண்ணீர் எந்தக் கடலுக்குப் போகிறது

இந்த ஊரில் சிலர் 'ஆமாம்' என்பதை மூச்சை உள்ளே இழுத்தபடி சொல்கிறார்கள். 'யா' என்ற சொல் வெளியே வராமல் தொண்டைக்குள் போய்விடுகிறது. வந்த புதிதில் ஒரு கடையில் பால் இருக்கிறதா என்று கேட்டேன். கல்லாவில் இருந்த பெண் அப்படி மூச்சை இழுத்ததும், அவளுக்கு நெஞ்சுவலி என்று பயந்து, தண்ணீர் வேண்டுமா என்று பதறினேன். அவள் குழம்பிப்போய்த் தண்ணீர்ப் புட்டிகள் இருந்த பக்கம் கையைக் காட்டினாள். நார்வேயின் மேற்குக் கரையில் இருக்கும் இந்தத் துறைமுக நகரத்துக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இவர்கள் சம்மதம் சொல்லும் விதத்தைப் படித்துக்கொண்டேன். என் தலையசைப்பு இவர்கள் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் யோசித்ததில்லை. போன மாதம் அதுவே என்னைக் கவிழ்க்கப் பார்த்தது. 

கடலைக் கணினிக்குள் ஓட்டிப் பார்க்கும் ஓர் ஆய்வுக் குழுவில் நான் நிரல் எழுதுகிறேன். உலகத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் காற்று, வெயில், மழை எல்லாம் கொடுத்தால், நீரோட்டம் எப்படிப் போகும் என்று கணினி சொல்லும். இதில் உப்புக்குப் பெரிய இடம் உண்டு. உப்பு கூடிய நீர் கனமாகிக் கீழே இறங்கும். உப்பு குறைந்த நீர் மேலேயே நின்று வெயிலை வாங்கிச் சூடேறும். கேரளக் கரையோரம் கடல் சூடேறுவதற்கும் நம் பக்கத்துப் பருவமழைக்கும் தொடர்பு உண்டு. எங்கள் கணினிக் கடலில் அந்த இடத்தில்தான் பிழை. கோழிக்கோட்டுக்கு நேரே உப்பு எப்போதும் கூடுதலாகவே வந்தது. பிழையைக் காட்டும் படத்தில் அது சிவப்பாக, அம்மைக் கொப்புளம்போல நின்றது.

இதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழக்கமான வைத்தியம் உண்டு. ரெஸ்டோரிங் என்பார்கள். கணினிக் கடலில் உப்பு ஏறினாலும் இறங்கினாலும், அளந்து வைத்திருக்கும் சராசரியை நோக்கி அதை இழுத்துக்கொண்டே இருப்பது. நான் பிறந்த சேரம்பாடித் தேயிலை எஸ்டேட்டின் டிஸ்பென்சரியில் தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே வெள்ளை மாத்திரைதான் கொடுப்பார்கள். எனக்கு இந்த வைத்தியத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மாத்திரைதான் ஞாபகம் வரும். நோய் எங்கே என்று யாரும் தேட வேண்டியதில்லை. மழை கொட்டித் தீர்த்த ஆண்டிலும் அது கடலைச் சராசரிக்கு இழுத்துவிடும். அங்கே தொழிலாளர் வரிசையில் இருந்த எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் மண் சரிந்து இரண்டு சமையலறைகளைக் கொண்டுபோன மழையும் அதன் கணக்கில் சராசரி மழைதான்.

போன மாதக் கூட்டத்தில் திட்டத் தலைவர் இங்ரிட் இதைத்தான் சொன்னார். நல்ல மனுஷி, யாரிடமும் குரலை உயர்த்தாதவர். முடிவுகளைப் பருவமழை கணிப்பவர்களுக்கு அனுப்ப வேண்டும், நேரமில்லை, ரெஸ்டோரிங்கைப் போட்டுவிடலாம் என்று விளக்கினார். விளக்கி முடிக்கும்வரை நான் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தேன். கேட்கிறேன், மேலே சொல்லுங்கள் என்று அர்த்தம். மறுநாள் கூட்டக் குறிப்பு வந்தது. ரெஸ்டோரிங் போட முடிவு, இந்தியப் பெருங்கடல் பகுதிக்குப் பொறுப்பானவர் ஒப்புதல் என்று எழுதி, பக்கத்தில் என் பெயர்.

அன்று மாலையே ஆற்று வரைபடத்தைத் திறந்தேன். எங்கள் கணினியில் நிலத்தின் ஒவ்வொரு சதுரத்துக்கும் ஓர் அம்பு உண்டு. அங்கே பெய்யும் மழை எந்தப் பக்கம் ஓடிக் கடலில் சேரும் என்பதை அந்த அம்பு சொல்லும். சதுரங்கள் பெரியவை. ஐம்பது கிலோமீட்டர் நிலத்தின் உயரத்தைச் சராசரியாக்கினால் மேற்குத் தொடர்ச்சி மலை தேய்ந்த படிக்கட்டுபோல ஆகிவிடுகிறது. நீலகிரியின் மேற்கு ஓரச் சதுரத்தில் அம்பு கிழக்கே காட்டியது. அதாவது பந்தலூரிலும் சேரம்பாடியிலும் ஆடி மாதத்தில் பெய்கிற மழையெல்லாம் காவிரியில் சேர்ந்து பூம்புகார்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கேரளக் கடலுக்கு வர வேண்டிய நல்ல தண்ணீர் வரவில்லை. அதற்குத் தெற்கே உள்ள சதுரங்களிலும் இதே கதை. உப்பு கூடாமல் என்ன செய்யும்?

தம்பி செல்வத்தைக் கூப்பிட்டேன். சேரம்பாடியில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லாரி ஓட்டுகிறான். மலையின் ஒவ்வொரு ஓடையும் அவனுக்குத் தெரியும்.

"ஏக்கா, நாப்பத்தேழு வயசுல, அத்தனை படிச்சுட்டு, நம்ம லைனுக்குக் கீழ ஓடற தண்ணி எங்க போவுதுன்னு என்னையக் கேக்கற?"

"எனக்குத் தெரியும்டா. இங்க இருக்கற கம்ப்யூட்டர் கெழக்கேங்குது."

"கெழக்கையா? அதை ஒரு நாளு என் லாரியில ஏத்தி அனுப்பு. நெலம்பூர் பாலத்துல எறக்கி விடறேன்."

சிரித்துவிட்டேன். எங்கள் லைனில் ஓடையில் எது போனாலும், சோப்பு, சட்டை, அலுமினியக் குண்டான், எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: நெலம்பூர்ல போய் வாங்கிக்க. என் பள்ளிக்கூடச் செருப்பில் ஒன்று போனபோது, இன்னொன்றையும் விட்டுவிடு, எடுக்கிறவனுக்காவது ஜோடியாகக் கிடைக்கும் என்றார் அப்பா. தண்ணீர் மேற்கே, கேரளத்து நிலம்பூர் வழியாகக் கோழிக்கோட்டுக் கடலில் சேரும் சாலியாற்றுக்குப் போகிறது என்பது எங்கள் ஊரில் துணி துவைக்கிற எவருக்கும் தெரிந்த செய்தி. அது இந்த நாட்டின் கணினிக்கு வந்து சேரவில்லை.

ஆனால் போன சம்மதத்தைத் திரும்ப வாங்குவது எப்படி? என் வேலை ஒப்பந்தம் இந்தக் கோடையோடு முடிகிறது. நீட்டிப்பதற்கு இங்ரிட் எழுதித் தர வேண்டும். எங்கள் குடும்பத்தின் தங்கும் அனுமதி அந்த வேலையில் தொங்குகிறது. கணவர் இப்போதுதான் பேருந்து ஓட்டுநர் பயிற்சியில் சேர்ந்திருக்கிறார். மகள் நிவேதாவுக்குப் பதினாறு வயது, பள்ளிப்படிப்பு இன்னும் இரண்டு ஆண்டு. நடுவில் பிடுங்கிக்கொண்டு போனால் எந்த மொழியில் எங்கே தொடர்வாள்? இரண்டு நாள் மனதுக்குள்ளேயே வைத்திருந்தேன். கடைசியில் சாப்பாட்டு மேசையில் அவளிடமே சொன்னேன், கையெழுத்துப் போடாமலே கையெழுத்துப் போட்டவளாகி நிற்கிறேன் என்று.

"நீ டாக்டர்கிட்டயும் தலையாட்டற, பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டயும் தலையாட்டற. என்கிட்ட மட்டும்தாம்மா எதுக்கெடுத்தாலும் வேண்டாம்னு வாயால சொல்ற. அதை அங்க போய்ச் சொல்லு."

"சொல்லி வேலை போச்சுன்னா? உன் படிப்பு?"

"என் படிப்பை ஏன் இதுல இழுக்கற? எனக்காகத்தான் தப்பா அனுப்பினேன்னு பின்னாடி சொல்லிக் காட்டாத."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். எனக்கு அப்பாவின் கழுத்து கண்முன் நின்றது. அவர் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டத் தமிழரில் யார் இலங்கைக்கு, யார் இந்தியாவுக்கு என்று எழுதிக்கொண்டிருந்த ஓர் அலுவலகத்தில், சிங்களத்தில் கேட்ட கேள்வி சரியாகப் புரியாமல், பெரிய மனிதர் பேசுகிறாரே என்று மரியாதைக்குத் தலையை ஆட்டினார். இந்தியா என்று எழுதிக்கொண்டார்கள். கண்டி தெரியும், ஹட்டன் தெரியும், நீலகிரி எந்தத் திசை என்றுகூட அவருக்குத் தெரியாது. "அன்னிக்குக் கழுத்து சுளுக்கியிருந்தா நாம இங்க வந்திருக்க மாட்டோம்" என்று சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். அன்றைக்கு அந்த மேசையில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு தலையாட்டல் போதும்.

அடுத்த கூட்டத்தில் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் முறை வந்ததும், நான் ஒப்புக்கொள்ளவில்லை, குறிப்பைத் திருத்த வேண்டும் என்றேன். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"போன வாரம் சம்மதித்தீர்களே, நான் பார்த்தேன்" என்றார் இங்ரிட்.

"நீங்கள் பார்த்தது சம்மதம் இல்லை. காது கொடுத்தேன், அவ்வளவுதான்."

 இங்ரிட்டின் முகம் சிவந்தது. கோபம் என்று நினைத்தேன். என்னைத் தவறாக எழுதிவிட்ட வெட்கம் என்று பிறகு சொன்னார். வரைபடத்தைப் போட்டு அம்பைக் காட்டினேன். இந்த மழையில் நனைந்து வளர்ந்தவள் நான், இந்தத் தண்ணீர் கிழக்கே போகாது, மாத்திரை போட்டு மறைத்து என் பெயரில் அனுப்பாதீர்கள் என்றேன். இரண்டு வாரம் தருகிறேன் என்றார். ஒப்பந்தத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அம்பைத் திருப்பி மேற்கே வைத்துவிட்டால் முடிந்தது என்று நினைத்திருந்தேன். செல்வம் விடவில்லை. மறுநாள் அவனே கூப்பிட்டான். "அக்கா, எல்லாத்தையும் நெலம்பூருக்கு அனுப்பிடாத. அய்யன்கொல்லிக்கு அந்தாண்ட லோடு ஏத்தப் போனேன். அங்க தண்ணி கபினி ஆத்துக்கு எறங்குது. அது உங்க காவேரிக்குத்தான் போவும்." பழைய நில வரைபடங்களை எடுத்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. எங்கள் மேடு ஒரே மழையை இரண்டு கடலுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. நிரலிலோ ஒரு சதுரத்துக்கு ஓர் அம்புதான் வைக்கலாம், விதி அப்படி என்றார் இங்ரிட். அப்படியென்றால் விதியை மாற்றுகிறேன் என்றேன். பதினோரு நாள் பிடித்தது. முதலில் எங்கள் சதுரத்துக்கு மட்டும் இரண்டு அம்பு வைத்து, தெற்கே உள்ளவற்றின் அம்புகளைத் திருத்தி, ரெஸ்டோரிங் இல்லாமல் ஓட்டினோம். கோழிக்கோட்டுச் சிவப்பு முழுதாகப் போகவில்லை. பாதிக்கு மேல் வெளுத்துவிட்டது. மிச்சப் பிழைக்கும் ஒரு காரணம் இருக்கும், தேடுவேன். முடிவுகள் அப்படியே, மிச்சப் பிழையோடும் அதைச் சொல்லும் ஒரு குறிப்போடும், என் பெயரில் போய்விட்டன.

ஒப்பந்தக் கடிதம் இதுவரை வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம். தபால் பெட்டியை ஒரு நாளைக்கு இரண்டு முறை திறந்து பார்க்கிறேன். வராவிட்டால் பெட்டி கட்டுவேன், என் மகளுக்குத் தலைகுனிவில்லாமல் கட்டுவேன். நேற்று நிவேதா என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். உலகம் முழுக்கச் சதுரத்துக்கு ஒன்றாக அம்புகள் வரிசையாக நிற்க, எங்கள் சதுரத்தில் மட்டும் ஒன்று அரபிக் கடலையும் ஒன்று வங்கக் கடலையும் காட்டிக்கொண்டு முதுகோடு முதுகாக நின்றன.

"தப்பா வரைஞ்ச மாதிரி இருக்கும்மா" என்றாள்.

"இருக்கட்டும்" என்றேன். "அங்க தண்ணி அப்படித்தான் போகுது."