அம்மா வீடு இருக்கிறதென்று சொன்னேன்

தேக்கா சந்தைக்கு எதிரே ஒரு வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து நானும் என் கணவரும் இருந்தோம். வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் மற்ற அறைகளில் இருந்தவர்கள் இரவு வேலைக்குப் போய்ப் பகலில் தூங்குகிறவர்கள். "பிள்ளை பொறந்தா இங்க முடியாது லா. அதுக்குள்ள வேற எடம் பாத்துக்கம்மா" என்று எனக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயமாகப் பேசுகிறவரோடு சண்டை போட முடியாது. எனக்கு அதுதான் ஆத்திரம்.

என் கணவர் வேலை பார்த்த கிடங்கை அப்போதுதான் மூடியிருந்தார்கள். நான் சேலைக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவள். வயிறு தெரிய ஆரம்பித்ததும் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அறை பார்க்கப் போன இடத்திலெல்லாம் முதலில் என் வயிற்றைப் பார்த்தார்கள், பிறகு "எங்க வேலை?" என்று கேட்டார்கள். ஒருவரும் அறை தரவில்லை. மிச்சமிருந்தது ஒரே வழி, வசதியில்லாத குடும்பங்களுக்கு அரசாங்கம் குறைந்த வாடகைக்குக் கொடுக்கும் வீடு. அதற்கு நீண்ட வரிசை. போக வேறு இடமே இல்லை என்று தெரிந்தால் மட்டும் சீக்கிரம் கொடுப்பார்கள்.

அந்த வீட்டுக்கான நேர்காணலுக்குப் போன அன்று இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் அடுக்கிக்கொண்டேன். பஃபலோ ரோட்டுக் கடையில் நானே வாங்கியவை. எனக்கு யாரும் வளைகாப்பு நடத்தவில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பு அம்மாவிடம் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டேன். என் கணவர் தாய் தகப்பன் இல்லாமல் விடுதியில் வளர்ந்தவர். "யாரு வீட்டுப் பிள்ளைன்னு நாலு பேருகிட்ட சொல்றது?" என்று சொல்லி வாசல் கேட்டைச் சாத்தியவள்தான் அம்மா, பிறகு திறக்கவில்லை. வெறுங்கையோடு திரிந்தால் பார்க்கிறவர்கள் கேட்பார்களே என்று பயந்துதான் வளையல் போட்டேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு சீனப் பெண்ணோ மலாய்ப் பெண்ணோ இருந்திருந்தால் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கொட்டியிருப்பேன். ஆங்கிலத்தில் எனக்கு வெட்கம் கிடையாது. இருந்த அதிகாரியோ நம் தமிழ்ப் பெண்மணி, ஏறக்குறைய என் அம்மா வயது. வளையல்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"வளைகாப்பு முடிஞ்சிடுச்சா? தலைப்பிரசவம், அம்மா வீட்டுக்குத்தானே போவீங்க?"

"ஆமா. தெம்பனிஸ்ல இருக்காங்க."

"பாத்துக்குவாங்கல்ல?"

"அஞ்சு மாசம் வச்சிருந்துதான் அனுப்புவேன்னு சொல்லியிருக்காங்க."

கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். மேசைக்கு அடியில் கணவர் என் முழங்காலை அழுத்தினார். அவர் கையைத் தட்டிவிட்டேன். வீறாப்பு என்றால் அப்படியொரு வீறாப்பு. அதிகாரி நான் சொன்னதை அப்படியே கணினியில் பதிந்துகொண்டார்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. பிரசவத்துக்குப் பின் தங்குவதற்குக் குடும்பத்தார் வீடு இருப்பதால் எங்களுடையது அவசர விண்ணப்பம் ஆகாது, வரிசையில் காத்திருக்கவும் என்று இருந்தது. கணவர் படித்துவிட்டு என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "ஆஸ்பத்திரியிலேருந்து பிள்ளைய எங்க தூக்கிட்டுப் போறது?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் அந்த அதிகாரிக்குத் தொலைபேசியில் அழைத்து உண்மையைச் சொன்னேன்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

"உங்ககிட்ட சொல்ல வாய் வரலங்க."

"சரி. அவங்க வீட்ல நீங்க தங்க முடியாதுன்னு அம்மா கையெழுத்து போட்டு ஒரு லெட்டர் வேணும். நம்பரும் எழுதச் சொல்லுங்க. நான் கூப்பிட்டு உறுதி பண்ணிக்கணும்."

கணவர் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். நான் தனியாகத் தெம்பனிஸுக்குப் போனேன். அம்மா கதவைத் திறந்தாள், இரும்புக் கேட்டைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள். கம்பி வழியாகக் கடிதத்தை நீட்டி விஷயத்தைச் சொன்னேன்.

"உன்னைச் சேத்துக்கலைன்னு கையெழுத்து வேற போடணுமா?" பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள். "படிக்கிறவங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

அந்தக் கேள்வியை எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. எனக்குள்ளேயேதான் கேட்டிருந்தேன்.

"யாரு படிப்பா? நம்ம ஆளா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. சீனப் பொண்ணு."

பேனாவை வாங்கிச் சுவரில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். எண்ணையும் எழுதினாள். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, "வளையல் யாரு போட்டது?" என்றாள்.

"நானேதான்."

கதவு சாத்தப்பட்டது. தாழ்வாரத்தில் நின்று அழுதேன். மூக்கைச் சிந்திக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன்.

கடிதத்தைக் கொடுத்த பிறகுதான் பெரிய பயம் பிடித்தது. அதிகாரி அம்மாவை அழைப்பார். தமிழில் பேசுவார். மானம் போகிறதே என்று அம்மா, "என் மக என் வீட்டுக்குத்தான் வருவா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது. அன்றைக்கு நானும் அப்படிச் சொல்லவில்லையா? அவள் வயிற்றில் பிறந்த நானே சொன்னேனே. முன்கூட்டியே எச்சரிக்கலாமென்றால் என் அழைப்பை அவள் எடுக்கவில்லை. ஐந்து நாள் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து எங்கள் அறை வாசலில் வைத்துவிட்டுப் போனார், உதவியாகத்தான். அவற்றை உதைக்க வேண்டும்போல் இருந்தது. வயிறு இடித்ததால் உதைக்கவில்லை.

ஆறாம் நாள் அதிகாரி கூப்பிட்டார். கிளமெண்டியில் ஓரறை வீடு, அடுத்த வாரம் சாவி வாங்கிக்கொள்ளலாம் என்றார். நான் நன்றி சொல்லக்கூட இல்லை. "அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"நான் தமிழ்ல வணக்கம் சொன்னதும் ரொம்ப நேரம் சத்தமே இல்லம்மா. போனை வச்சிட்டாங்களோன்னு நினைச்சேன். அப்புறம், 'நான் எழுதிக் கொடுத்தது நெசந்தான், என் வீட்ல அவளுக்கு இடமில்ல, நீங்க குடுத்துடுங்க'ன்னாங்க."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"எத்தனாவது மாடின்னு கேட்டாங்க. அந்த மாடியில லிஃப்ட் நிக்குமான்னு கேட்டாங்க. நிக்கும்னு சொன்னேன்."

என் மகனுக்கு இப்போது இரண்டு வயது. எங்கள் மாடியில் லிஃப்ட் நிற்கிறது. அதன் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் இன்றும் எட்டிப் பார்க்கிறேன். அம்மா இதுவரை வரவில்லை.