மட்டையின் நிழல் குட்டையானால்…

மூன்று வாரம் முன்பு, ஒரு திங்கட்கிழமை காலை. புதியம்புத்தூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அன்றைய வேலைப் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. மதினி.

"ஏட்டி கலா, சாயந்திரம் வீட்டுக்கு வந்துட்டுப் போ. ஈஸ்வரி இனிமே மட்டையத் தொட மாட்டா. நான் முடிவு பண்ணிட்டேன். நீயே அவகிட்டச் சொல்லிரு."

முடிவு அவர்களுடையதாம். சொல்ல வேண்டியது நானாம்! வீட்டில் ஒரு இன்ஜினீயர் இருந்தால் இந்த மாதிரி வேலையெல்லாம் வந்து சேரும்.

ஈஸ்வரி என் அண்ணன்-மதினியின் மகள். பதினோரு வயது, ஆறாம் வகுப்பு. எங்கள் கோவில்பட்டி ஹாக்கி ஊர்; இங்கே ஒரு பிள்ளை ஹாக்கி மட்டையோடு நடந்து போனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கோடைப் பயிற்சி முகாமுக்கு இரண்டு வாரத்தில் தேர்வு இருந்தது. போன வருடம் வயது பத்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து காலண்டரில் நாள் கிழிக்கிறவள் அவள்தான்.

சாயந்திரம் போனேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தாள். அதனால் கழுத்துதான் முதலில் தெரிந்தது.

சிவந்திருந்தது. சில இடங்களில் கொப்புளம். தொட்டால் துள்ளினாள்.

"பாத்தியா? வெயில்ல கெடந்து கெடந்து வெந்துபோயிட்டா. அடுத்த மாசம் எங்க அண்ணனோட புது வீட்டு பால்காய்ப்பு. முன்னாடி வரிசைத் தட்டு தூக்கிட்டுப் போறவ இவதான். போட்டோல எப்படி இருக்கும்?"

பங்குனி மாதம். பஞ்சாங்கப்படி இது பின்பனிக் காலம். எந்தப் பனி, யாருக்குப் பின்… தெரியவில்லை. எங்கள் கரிசலில் பருத்தி எடுத்து முடித்த நிலம் கைவிரல் நுழையுமளவு வெடித்துக் கிடக்கும். விளாத்திகுளம் ரோட்டில் மிளகாய் வத்தல் காய்கிற களத்தைத் தாண்டினால் கண் எரியும். வெயிலுக்கு நாங்கள் புதிதில்லை. ஆனால் அந்தக் கழுத்தில் ஏதோ ஒன்று எனக்குப் பொருந்தவில்லை.

நான் புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் ஆடை கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். கறையைப் பார்த்து அது எங்கிருந்து வந்தது என்று சொல்வது என் வேலை. மெஷின் எண்ணெய் என்றால் புள்ளியாக இருக்கும். துரு என்றால் கோடாக இருக்கும். இவள் கழுத்தில் இருந்தது வழிந்த தடம். காதுக்குக் கீழே ஆரம்பித்து, மூன்று ஓடையாகப் பிரிந்து, காலர் வரைக்கும்.

வெயில் பரவலாகச் சுடும். சொட்டுச் சொட்டாக வழியுமா?

"மதினி, கழுத்துல என்ன தேய்ச்சீங்க?"

"என்ன தேய்க்கப் போறேன்… பாசிப்பயறு மாவுதான்."

"எம்மா, பொய் சொல்லாத." சுவரைப் பார்த்தபடியே ஈஸ்வரி. "எலுமிச்சம்பழம் அத்தை. சனிக்கெழம காலையில அரைப் பழம் தேய்ச்சா. கழுவாம அப்படியே கிரவுண்டுக்கு அனுப்பிட்டா. ஊறட்டும்னு சொன்னா."

"கறுப்பு எடுக்கும்னு எல்லாரும்தானேட்டி சொல்லுதாவ!"

மறுநாள் தோல் டாக்டரிடம் மூன்று பேரும் போனோம். அவர் கழுத்தைப் பார்த்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எலுமிச்சையா?" சாறு பட்ட தோலில் வெயிலும் பட்டால் இப்படித்தான் வெந்துபோகுமாம். அப்போதே தெரியாதாம், ஒரு நாள், ஒன்றரை நாள் கழித்துத்தான் சிவக்குமாம். புண் ஆறிவிடும், தழும்பு மட்டும் சில மாதம் கறுப்பாகத் தெரியும் என்றார்.

வெளுக்கத் தேய்த்தது… கறுத்துத்தான் நிற்கும்.

பஸ் ஸ்டாண்ட் வந்ததும் மதினி பிள்ளைக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார்கள். தான் குடிக்கவில்லை. எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஏனென்றால் என் பங்கும் இதில் இருக்கிறது. பிப்ரவரியிலேயே நான் ஈஸ்வரிக்கு ஒரு பட்டியல் எழுதி பீரோ கதவில் ஒட்டியிருந்தேன். சன்ஸ்கிரீன், தொப்பி, தண்ணீர்… ஒன்பது வரி. எல்லாமே செய்ய வேண்டியவை. செய்யக் கூடாதது என்று ஒரு வரிகூட இல்லை. கம்பெனியில் இப்படி ஒரு பட்டியலைக் கொடுத்தால் என் மேனேஜர் முகத்தில் எறிவார்.

வீட்டுக்கு வந்ததும் பேச்சுவார்த்தை தொடங்கியது.

"டாக்டர் வெளையாடக் கூடாதுன்னு சொல்லலை," என்றாள் ஈஸ்வரி. "மூடிக்கிட்டு, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி வெளையாடலாம்னுதான் சொன்னாவ."

"வெயில் எப்ப ஏறும்னு ஒனக்கு எப்படித் தெரியும்? பந்தைக் கண்டா ஒனக்குக் கண்ணு மண்ணு தெரியாது."

நான் பெருமையாகப் போனை எடுத்தேன். வெயிலின் புற ஊதாக் கதிர் எவ்வளவு என்று காட்டுகிற ஆப். நிறம் மாறினால் நிழலுக்குப் போய்விட வேண்டும். எவ்வளவு சுலபம்?

"அத்தை, கிரவுண்டுக்கு போன் கொண்டுபோகக் கூடாது."

என் டெக்னாலஜி அங்கேயே முடிந்தது.

ஈஸ்வரி மட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். சாயந்திர வெயில். மட்டையை நேராக நிறுத்தினாள். நிழல் தெருவைத் தாண்டி எதிர் வீட்டுப் படி வரை போனது.

"காலையில பிராக்டீஸ் ஆரம்பிக்கும்போதும் இப்படித்தான் நீளமா இருக்கும். முடியும்போது பாத்தா காலடில குட்டியாக் கெடக்கும். அப்பத்தான் அத்தை சுடும். மட்டைய விட நெழல் குட்டையாயிட்டா வெளியே வந்துரலாம்லா?"

"அளக்குறதுக்கு?"

"இன்னொரு மட்டைய நெழல் மேல படுக்கப் போட்டாப் போச்சு."

மூன்று வருடம் மாணவர்களுக்கு அளவியல் ட்யூஷன் எடுத்தவள் நான். போனைப் பைக்குள் போட்டேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் மொட்டை மாடியில் நின்று சரிபார்த்தேன். ஒன்பதே காலை ஒட்டி, இரண்டு மட்டையும் சமமாகிறது. ஏறத்தாழ அதே நேரத்தில்தான் ஆப்பிலும் நிறம் மாறுகிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளை! மட்டை! பேட்டரிகூடத் தேவையில்லை!

மதினியும் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்கள்: நிழல் குட்டையான பிறகும் மைதானத்தில் நின்றால் மட்டை பரணுக்கு. சட்டை என் பொறுப்பு. அவள் பழைய பனியனுக்குள் கைவிட்டு வெளிச்சத்தில் பிடித்தால் ஐந்து விரலும் தெரிந்தன. விரல் தெரிந்தால் வெயிலும் உள்ளே வரும். கம்பெனியில் மிச்சம் கிடந்த சாம்பிள் துணிகளைக் கேட்டு வாங்கி வந்தேன். மதினி வெள்ளைத் துணியில் கை வைத்தார்கள்.

"வெள்ளைதானே குளிர்ச்சி?"

"ரெண்டையும் வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க மதினி."

பார்த்தார்கள். வெள்ளையில் விரல் தெரிந்தது. நெருக்கமாக நெய்த கருநீலத்தில் தெரியவில்லை. கருநீலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். முழுக்கை, நிமிர்ந்த காலர். இரண்டு சட்டை அவர்களே தைத்தார்கள். சன்ஸ்கிரீன் ட்யூபைப் பார்த்து மட்டும் கடைசி நப்பாசை:

"இதப் போட்டா வெளுக்குமா?"

"வெளுக்காது மதினி. வேகாம இருக்கும்."

"அது போதும், போ."

புண் ஆறியதும் மைதானம். பயிற்சியாளர் நல்லவர்தான், ஆனால் சிரித்தார். "நம்ம பிள்ளைகளுக்கு எதுக்கும்மா கிரீமு? வெயில்லயே பெறந்து வளந்ததுக." நம் நிறம் கொஞ்சம் தாங்கும்; ஆனால் எல்லாவற்றையும் தாங்காது என்று ஈஸ்வரியின் காலரை விலக்கிக் காட்டினேன். சிரிப்பு நின்றது. எட்டு மணிப் பயிற்சியை ஆறரைக்கு மாற்றிப் பார்க்கலாம் என்றார். பிறகு அவரே இழுத்தார்: "ஆறரைக்கு எந்தப் பிள்ளை எந்திரிச்சு வரும்?"

பதினாறு பிள்ளைகள் வந்தார்கள். கோல் போஸ்ட் பக்கத்தில் ஒரு மட்டையை நட்டு, இன்னொன்றைப் படுக்கப் போட்டு, முறை வைத்துக் காவல். "நெழல் குட்டையாயிருச்சுடி!" என்று ஒருத்தி கத்தினால் அத்தனை பேரும் வேப்பமரத்துக்கு ஓட்டம்.

தேர்வு நாள் வந்தது. காலை ஏழு மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். தேர்வாளர்கள் வந்து சேர்ந்தபோது மணி பத்தரை. கயத்தாறு பக்கம் வண்டி பஞ்சராம். வந்ததும் விசிலை ஊதினார்கள். பிள்ளைகள் மட்டையோடு எழுந்தார்கள். எழுந்து… நின்றார்கள். நட்டு வைத்த மட்டையின் நிழல் பாதியாகச் சுருங்கிக் கிடந்தது.

ஈஸ்வரி அம்மாவைப் பார்த்தாள். வெயில் ஏறியபின் மைதானத்தில் நின்றால் மட்டை பரணுக்குப் போகும் என்பது ஒப்பந்தம். நிற்காவிட்டால்? ஒரு வருடம் கிழித்த காலண்டர் வீண். அவள் கண் நிறைந்துவிட்டது.

மதினி சேலையைச் செருகிக்கொண்டு நேராக மைதானத்துக்குள் நடந்தார்கள். கூட்டத்தில் பேசிப் பழகாதவர்கள். ரேஷன் கடையில்கூட என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள்.

"அண்ணாச்சி, ஒரு நிமிஷம். சாயந்திரம் நாலு மணிக்கு வச்சுக்கிடலாமா?"

"ஏம்மா, என்ன விசேஷம்?"

"இந்த மட்டை நெழலைப் பாருங்க. இது குட்டையா இருந்தா பிள்ளைக எறங்காது. அப்படிப் பழக்கியிருக்கோம். வெயில்ல வெந்த கழுத்து எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நான்தான் வேகவிட்டவ."

எல்லோர் முன்னாலும். சத்தமாக.

தேர்வாளர் நிழலைப் பார்த்தார். படுத்துக் கிடந்த மட்டையைப் பார்த்தார். "இத யார் கண்டுபிடிச்சது?"

"எம் மவ."

அந்த இரண்டு வார்த்தையை மதினி சொன்ன விதத்தை இங்கே எழுத எனக்குத் தெரியவில்லை. பயிற்சியாளரும் வந்து சேர்ந்துகொண்டார். நாலு மணிக்குத் தேர்வு நடந்தது. நிழல்கள் நீளமாக ஓடின. ஈஸ்வரி அடித்த இரண்டில் ஒன்று கோல், ஒன்று வேப்பமரம். தேர்வானவர்கள் பட்டியலில் கடைசிப் பெயர் அவளுடையது. கடைசியாக இருந்தால் என்ன? பட்டியல் பட்டியல்தான்… இதில் எனக்கு அனுபவம் உண்டு.

பீரோ கதவில் இப்போது புதுத் தாள். ஒன்பது வரியை ஈஸ்வரி நான்காகக் குறைத்துவிட்டாள். நிழல். சட்டை. கிளம்பும் முன்னும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையும் கிரீம். நான்காவது வரி மதினியின் கையெழுத்தில்: 'கிரீம் தவிர தோலில் வேறெதையும் தேய்த்து வெயிலுக்கு அனுப்பக் கூடாது.'

போன ஞாயிறு பால்காய்ப்பு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மதினி ஒரு போட்டோ போட்டிருந்தார்கள். எந்த ஃபில்டரும் இல்லை. கழுத்துத் தழும்பு பளிச்சென்று தெரிய, கரிசல் மண் நிறத்தில் என் மருமகள், பல்லெல்லாம் காட்டிச் சிரித்துக்கொண்டு முன்னால் நடக்கிறாள்.

கையில் தட்டு. தட்டில் நாலு எலுமிச்சம்பழம் — அவை இருக்க வேண்டிய இடத்தில்.