அட்ஜஸ்ட் பண்ணச் சொன்ன வரிசை

அட்ஜஸ்ட் என்ற இங்கிலீஷ் சொல்லை எனக்குக் கற்றுக்கொடுத்தது பள்ளிக்கூடம் இல்லை, கரும்பு மேஸ்திரி. கல்யாணம் ஆன வருஷமே புருஷனோடு கல்வராயன் மலையிலிருந்து கச்சிராயபாளையத்துக்கு இறங்கிக் கரும்பு வெட்டப் போனேன்.

வெட்டு வேலை ஜோடியாகத்தான் நடக்கும். புருஷன் அடியில் வெட்டிச் சாய்ப்பான். பெண்டாட்டி காய்ந்த இலைச் சோகையை உரித்துக் கட்டுக் கட்டுவாள். ஜோடிக்கு ஒரு வரிசை. பிரிந்தால் இருவருக்கும் வேலை கிடையாது.

என் கை பின்தங்கினால் அவன் கரும்பாலேயே அடிப்பான். முதுகில், காதில். ஒருமுறை வாயில் அடித்தான். பல் சோகைக்குள் விழுந்தது. மேஸ்திரியிடம் சொன்னேன்.

"அடிக்காத ஆம்பள எந்த வூட்ல இருக்கான்? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா. லாரி நின்னுக்கினு இருக்குது."

மலைக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவளும் அதையே சொன்னாள். பஸ் வராத எங்கள் ஊருக்கும் அந்தச் சொல் வந்திருந்தது.

இப்போது என் மகள் பிளஸ் டூ. அந்தச் சொல் எங்கே பிறந்தது என்று போன மாதம் அவளைப் பார்க்கச் சொன்னேன். லத்தீனில் 'பக்கத்தில்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததாம். பழைய பிரெஞ்சில் ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து வைப்பதாம். பிற்பாடு நியாயம் என்ற வேறு சொல்லோடு போட்டுக் குழப்பிவிட்டார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னை அவன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தத்தான் எல்லோரும் அதைச் சொன்னார்கள். நியாயத்துக்கும் அதற்கும் பிறப்பிலேயே உறவில்லை.

அன்று மலையிலிருந்து திரும்பி வந்து வெட்டிக்கொண்டிருந்தபோது, ஒருநாள் காலையில் நான் கட்டிய கட்டு அவிழ்ந்தது. அவன் வெட்டுக்கத்தியைத் திருப்பி, பின்பக்கத்தால் என் இடது கையில் போட்டான். இரண்டு விரல் உடைந்தது. சத்தம் கேட்டது. அப்புறம் என் வயிற்றுக்கு நேராகக் காலைத் தூக்கினான். அப்போது இந்த மகள் வயிற்றில் மூன்று மாதம். கீழே கிடந்த முழுக் கரும்பை வலது கையால் எடுத்து அவன் முழங்காலில் அடித்தேன். விழுந்தான். விழுந்த பிறகும் கரும்பு இரண்டாகும்வரை அடித்தேன். எனக்கு இன்றும் அதில் வருத்தம் இல்லை.

மேஸ்திரி ஓடி வந்தார். "இன்னாம்மா, புருஷன் மேல கை வெச்சிட்ட?"

"கை எங்க வெச்சேன்? அதான் ஒடஞ்சி தொங்குதே. கரும்பத்தான் வெச்சேன்."

"சரி சரி. தண்ணி குடிச்சிட்டு அவன் வரிசையில போய் நில்லு."

எங்கள் கூட்டத்தில் புருஷன் செத்த அக்கா ஒருத்தி இருந்தாள். ஜோடி இல்லையென்று வெட்ட விடாமல் சமையலுக்கு மட்டும் வைத்திருந்தார்கள். கரண்டியைப் போட்டுவிட்டு வந்து, அவன் கத்தியை எடுத்தாள்.

"நான் வெட்றேன். நீ ஒத்தக் கையில உரி. பல்லால இழுத்துக் கட்டு, வா."

"பொம்பளைக்குப் பொம்பள ஜோடியா? எந்த ஊரு வழக்கம்?"

"அப்ப லாரியக் காலியா அனுப்பப் போறீங்களா மேஸ்திரி?"

அவர் லாரியைப் பார்த்தார். அடுத்த வரிசையைக் கையால் காட்டினார்.

மறுநாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு விரல் இன்றும் கோணல். ஆனால் அன்று வரிசையை முடித்தோம். அவன் வரப்பில் உட்கார்ந்து, "எம் பக்கத்துல வந்து நில்லுடி" என்று கத்திக்கொண்டே இருந்தான்.

"கத்தாதடா," என்றார் மேஸ்திரி. "வேற ஜோடி கெடைக்கிற வரைக்கும் நீ சமையலப் பாரு. அட்ஜஸ்ட் பண்ணிக்க."

அன்று அவன் வடித்த சோறு அரைவேக்காடு. நானும் அக்காவும் மிச்சம் வைக்காமல் தின்றோம்.