படுக்கச் சொன்னவன்

முதலில் என் மடைத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் வெட்கம் கூடும். பக்கவாத நோயாளரைப் பராமரிப்பது பற்றிய மருத்துவ மாநாடு ஒன்றுக்கு நான் கோட்டும் சூட்டும் கழுத்துப்பட்டியும் போட்டுக்கொண்டு போனேன். மகளின் கலியாணத்துக்கு ஒஸ்லோவில் வாங்கியது. நோர்வேயில் பேராசிரியர் என்றால் பின்னிய கம்பளிச் சட்டையும் மழைச் சப்பாத்தும் வாராத தலையும்தான் என்பது, இருபத்தாறு வருடம் இங்கே இருந்தும் என் மண்டையில் ஏறவில்லை. அந்த மண்டபத்தில் அமைச்சர் மாதிரி இருந்தது நான் ஒருவன்தான். எங்கள் மன்னாரில் கழுதைகள் தெருவில் தம் பாட்டில் திரியும் என்பது உங்களுக்குத் தெரியும். அதில் ஒன்று குறைகிறதே என்று யாராவது தேடினால், கவலைப்படவேண்டாம் என்று சொல்லுங்கள். அது இங்கே சுகமாக இருக்கிறது.

வாசலில் ஒரு பெயரட்டை தந்தார்கள். என் பெயர் மரியதாஸ், அப்பாவின் பெயர் சந்தியோகு. அட்டை அடித்த பிள்ளை இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டாள். ஆகவே இரண்டு நாளும் நான் என் அப்பாவாகவே திரிந்தேன். அப்பா தலைமன்னாரில் கரைவலை இழுத்தவர். அவரை இத்தனை டொக்டர்மார் கைகொடுத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது இதுவே முதல் தடவையாக இருக்கும். கோப்பி வேளையில் ஒரு பெண் டொக்டர் என் கழுத்துப்பட்டியைப் பார்த்து மயங்கி, "வயது போனவர்களின் மூளையிலிருந்து இரத்தக்கட்டியை எடுப்பது பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டார். "கெதியாகக் கொண்டுபோக வேண்டும்," என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

எனக்குத் தெரிந்த மருத்துவம் அவ்வளவுதான். நான் ஆஸ்பத்திரியில் கட்டில் தள்ளுகிறவன். அம்புலன்ஸ் வந்து நின்றதும் நோயாளியை ஸ்கான் எடுக்கும் அறைக்கு ஓடியோடிக் கொண்டுபோவது என் வேலை. பக்கவாதத்துக்கு இங்கே 'யேர்னெஸ்லாக்' என்று பெயர். அந்தச் சொல் ஒலிபெருக்கியில் கேட்டால் நடைவழி முழுக்க ஆட்கள் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள். குருத்தோலை ஞாயிறு பவனிக்கு வழிவிடுவது போல நடுவில் நானும் கட்டிலும் போவோம். முதல் சில மணித்தியாலத்துக்குள் மருந்து ஏற்றினால் கையும் காலும் பேச்சும் தப்பலாம், பிந்தினால் போனது போனதுதான் என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. என் முழங்காலுக்கு அது தெரியும்.

ஒரு நாளில் நான் அதிகம் பேசுவது அந்தக் கட்டிலோடுதான். பஸ்ஸில் இரண்டு பேர் இருக்கும் கதிரையில் ஒருவர் இருந்தால் மற்றவர்கள் நின்றுகொண்டே வரும் நாடு இது. வந்த புதிதில், என்னில் கருவாடு மணக்கிறதாக்கும் என்று நினைத்துச் சட்டையை முகர்ந்து பார்ப்பேன். மனைவி கண்ணை மூடி நாலு வருடம், மகள் ஒஸ்லோவில். வீட்டில் ரேடியோ பேசும், நான் தலையாட்டுவேன். ஆனால் லிப்ட்டுக்குள் பேச்சிழந்து கிடக்கும் கிழவர்களிடம் நான் தமிழிலேயே கதைப்பேன். "பயப்பிடாதேங்கோ ஐயா, இன்னும் ரெண்டு மாடிதான்." அவர்கள் என்னை வெறித்துப் பார்ப்பார்கள். அது எனக்குப் போதும்.

ஊரில் என் நிலை வேறு. "எங்கட மரியான் நோர்வேயில பெரிய ஆஸ்பத்திரியில, வாதம் வந்த ஆக்களைப் பாக்கிறவர்," என்று என் மச்சாள் வெரோனிக்கா, அண்ணனின் மனைவி, கோயில் வாசலில் சொல்லித் திரிந்தார். பொய் இல்லையே; நான் பார்க்கிறேன்தான். நானும் திருத்தவில்லை. "தம்பி, இந்தப் பிரஷர்க் குளிசை முடிஞ்சுது, மற்றதைப் போடலாமோ?" என்று தலைமன்னாரிலிருந்து கேட்பார்கள். நான் தொண்டையைச் செருமிவிட்டு, "கொஞ்சம் பொறுங்கோ, பாத்துச் சொல்லுறன்," என்று சொல்லி, வார்ட்டில் ஒரு தாதியைக் கேட்டு, என் சொந்தச் சரக்கு மாதிரித் திருப்பிச் சொல்வேன். இங்கே என் பெயரை ஒழுங்காக உச்சரிக்க ஆளில்லை. அங்கே என் வாக்குக்கு ஒரு தெருவே காத்திருந்தது. அந்த ருசியை விட எனக்கு மனம் வரவில்லை.

மாநாட்டில் பெரியவர்கள் பேசினார்கள். உப்பைக் குறையுங்கள் என்று ஒருவர் படம் போட்டுக் காட்டினார். உப்பளமும் கருவாட்டுப் பந்தலும் இருக்கிற தீவில் பிறந்தவன் பின் வரிசையில் குனிந்துகொண்டான். வாதம் வந்த கையை வேலை வாங்க வேண்டும், பாவம் என்று நாங்கள் செய்து கொடுத்தால் மூளை அந்தக் கையை மறந்துவிடும் என்று இன்னொருவர் சொன்னார். அதைக் கேட்டதும் நான் பேனையை மூடி வைத்தேன். எனக்கு அண்ணனின் வலது கை ஞாபகம் வந்துவிட்டது.

என்னை அங்கே அனுப்பியது எங்கள் தலைமைத் தாதி. "கட்டிலோடு ஓடுகிறவன் என்ன காண்கிறான் என்று யாரும் கேட்டதில்லை, நீ போய் ஆறு நிமிடம் பேசு," என்றார். லிப்ட் பிந்துவதைப் பற்றியும் நடைவழியில் சாப்பாட்டு வண்டியை நிறுத்துவதைப் பற்றியும் எழுதி வைத்திருந்தேன். மேடையில் ஏறி அப்பாவின் பெயரோடு நின்றபோது, தாளை விட்டுவிட்டு நான் ஊர்ப் பெருநாள் ஒன்றைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.

ஊரில் எங்கள் கோயில் பெருநாள் அன்று. எனக்கு இங்கே காலைத் தேநீர் நேரம். அங்கே பின்னேரம் மூன்று மணி இருக்கும். மச்சாள் ஊரிலிருந்து கூப்பிட்டார். படம் தெரியவில்லை, குரல் மட்டும்தான்.

"தம்பி, அண்ணை ஒரு மாதிரிக் கதைக்கிறார். நீங்கள் ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ."

"எங்க போயிட்டு வந்தவர்?"

"பூசை முடிஞ்சு ஆக்களோட வாடியில இருந்திட்டு இப்பதான் வந்தவர்."

வாடி என்றால் மீன்பிடிக்காரர் கடற்கரையில் போடும் ஓலைக் குடில். பெருநாள் அன்று அங்கே என்ன இருக்கும் என்று தீவில் யாரையும் கேட்கத் தேவையில்லை. பனங்கள்ளு முட்டி வரிசையாக இருக்கும். என் அண்ணன் செபஸ்தியான் வருடத்தில் முந்நூற்று அறுபத்து நாலு நாளும் தொடாதவர். அந்த ஒரு நாள் மட்டும் ஆட்களின் மனம் நோகக் கூடாதென்று ஓலைப் பிளாவில் ஒரேயொரு முறை வாங்கிக் குடிப்பார். அதற்கே நாக்குக் குழறி, போன வருடம் சுவாமியாரையே 'மச்சான்' என்று கூப்பிட்டவர். மச்சாள் போனை அவர் காதில் வைத்தார். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வாய்க்குள் சோறு இருப்பது போல வந்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணை, இந்த முறை முட்டியோடயே கவிழ்த்திட்டியள் போல."

அவர் ஏதோ சொல்ல முயன்றார். திரும்பத் திரும்ப முயன்றார். நான் இன்னும் சிரித்தேன். "சரி சரி, போய்ப் படுங்கோ. எழும்ப எல்லாம் சரியாப் போகும்."

மச்சாள் பின்னால் யாருக்கோ சொல்வது கேட்டது. "ஆஸ்பத்திரித் தம்பியே சொல்லிப்போட்டார். பாயை விரியுங்கோ."

தினமும் அதே குழறலைக் கேட்டுக்கொண்டு ஓடுகிறவன் நான். அந்தக் குரல் ஒரு நோர்வேக் கிழவருடையதாக இருந்திருந்தால் சப்பாத்துத் தேயத் தேய ஓடியிருப்பேன். என் அண்ணனைப் படுக்க வைத்தேன். அவர் அடுத்த நாள் விடியும் வரை படுத்தார். எழும்பும்போது வலது பக்கம் அவரோடு கூட எழும்பவில்லை. அதன் பிறகு மன்னார் ஆஸ்பத்திரி, அதன் பிறகு யாழ்ப்பாணம். எனக்கு அஞ்சு நாள் ஒருவரும் சொல்லவில்லை. "அவர் அங்க தனிய இருக்கிறவர், கேட்டாப் பயந்துபோவார்," என்று முடிவாம். எங்கள் ஆட்கள் அப்படித்தான். வெளிநாட்டில் இருப்பவனின் நித்திரையைக் காக்க, வீட்டில் பிரேதம் கிடந்தாலும் "ஓம், எல்லாரும் சுகம்," என்பார்கள்.

இவ்வளவையும் மேடையில் சொன்னேன். ஆனால் எனக்கு ஒரு வியாதி இருக்கிறது. அழ வேண்டிய இடத்தில் பகிடி விடுவேன். கள்ளு முட்டியையும், மச்சானான சுவாமியாரையும், அண்ணன் ஒரு முட்டி முழுக்கக் குடித்ததையும் கொஞ்சம் கூட்டியே சொன்னேன். இலேசில் சிரிக்காத சனம் சிரித்தது. கை தட்டியது. இறங்கியதும் ஒரு வயதான பேராசிரியர், சட்டை முழங்கையில் கிழிந்தவர், என் தோளில் கை வைத்தார். இந்த நாட்டில் ஒருவர் என்னைத் தொட்டு எத்தனை நாள்.

"மது குடித்திருந்தால் கண்டுபிடிப்பது மிகக் கடினம்," என்றார். "பக்கத்தில் நிற்கும் வைத்தியரே ஏமாறுவார். நீங்கள் தொலைபேசியில். உங்களில் பிழை இல்லை."

பாவசங்கீர்த்தனத்தில் பாவத்தைப் பாதி சொல்லி முழு மன்னிப்பும் வாங்கின ஆள் மாதிரி இருந்தது எனக்கு. பஸ்ஸில் பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. அதுவும் அன்றைக்கு வசதியாகத்தான் பட்டது. இந்த மன்னிப்பை நேரிலே கொண்டுபோய் அண்ணனுக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. அடுத்த லீவுக்குப் போனேன்.

தலைமன்னார் ஸ்டேசனில் இறங்கினால் கடல் காற்று முகத்தில் அறையும். அங்கேதான் என் கைபேசியைப் பார்த்தேன். அதில் இரண்டு மணிக்கூடு ஓடுகிறது, ஒன்று இங்கத்தையது, ஒன்று அங்கத்தையது. எதை நிற்பாட்டுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. வீட்டில் எனக்குப் புதுப் படுக்கை விரிப்பு, போத்தல் தண்ணீர், தனிக் கோப்பை. நான் பிறந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவர்களே தீர்மானித்துவிட்டார்கள். நோர்வேயில் என் பக்கத்தில் யாரும் இருப்பதில்லை. ஊரில் என்னை இருத்திவிட்டு எல்லாரும் நிற்கிறார்கள்.

அண்ணன் முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். வலது கை மடியில், வேறு யாரோ வைத்துவிட்டுப் போனது போலக் கிடந்தது. மச்சாள் சோற்றைக் குழைத்து அவர் வாயில் தீத்திக்கொண்டிருந்தார். நான் மாநாட்டைத் தொடங்கினேன்.

"மச்சாள், அவரே சாப்பிடட்டும். அந்தக் கையாலயே. அப்பதான் கை திரும்பும்."

"சோறெல்லாம் நிலத்தில கொட்டுது தம்பி. வாற சனம் என்ன சொல்லும்? பொஞ்சாதி இருந்தும் மனுசன் சிந்திச் சிதறித் தின்னுது எண்டெல்லோ."

"சனம் சொன்னாச் சொல்லட்டும்."

மச்சாள் சோற்றுக் கோப்பையை அண்ணனின் மடியில் வைத்தார். கோபம் ஒன்றும் இல்லை. "சரி. நீங்கள் சொன்னாச் செய்யிறன். அண்டைக்கும் நீங்கள் சொன்னபடிதானே செய்தனான்."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். குற்றம் சாட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன். அவர் என்னை நம்பியபடியே போனார்.

அண்ணன் கையைத் தூக்க முயன்றார். பாதி வழியில் அது நின்றது. இப்போது அவருக்குச் சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வரும். இடையில் நீண்ட நேரம் எடுக்கும். நான் கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் போட்டுக்கொண்டேன்.

"அண்ணை, நான் டொக்டருமில்லை, ஒண்டுமில்லை. கட்டில் தள்ளுறவன். அண்டைக்கு உங்களைப் படுக்கச் சொன்னது நான்."

அவர் என்னையே பார்த்தார். எனக்கு அந்த இடத்திலும் வாய் நிற்கவில்லை.

"ஆனா அங்க ஒரு பெரிய பேராசிரியரைக் கேட்டனான். குடிச்சிருக்கிற ஆளில இது வந்தால் ஆராலயும் பிடிக்கேலாதாம். நீங்கள் அண்டைக்குக் கொஞ்சம் கூடப் போட்டதாலதான் எனக்கு விளங்கேல்லை. என்னில பிழை இல்லையாம், அண்ணை."

அவர் வாய் ஒரு பக்கம் இழுத்தது. முதல் சொல் வந்தது, நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. சோறு மடியில் கொட்டியது, அவர் அதைப் பார்க்கவில்லை. நான் பொறுத்திருந்தேன், அன்றைக்குத் தொலைபேசியில் பொறுக்காத நேரத்தையும் சேர்த்துப் பொறுத்திருந்தேன்.

"அண்டைக்கு… நான்… குடிக்கேல்லை."