வீட்டு பஸ்ஸின் இடது கண்ணாடி

சிவகௌரிக்குக் கழுத்து இடப்பக்கம் திரும்பாது. 2009 யுத்தத்தில் மாத்தளனில் கழுத்துக்குள் போன ஷெல் துண்டை எடுத்த வைத்தியர் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார். ஆனால் எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. இடப்பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால் உடம்பையே திருப்பித்தான் அவள் பார்க்க வேண்டும். உடுப்பிட்டியில் அவளை அறியாதவர்கள் அதை நடப்பு, திமிர் என்றார்கள்.

பத்தொன்பது வயதில் தகப்பனுடைய லொறியில் ஓட்டப் பழகியவள். தகப்பனும் லொறியும் வன்னியிலேயே போய்விட, தாயின் ஊருக்கு வந்து பள்ளிக்கூட வான் ஓட்டினாள், பிறகு ஒரு இரும்புக் கடையின் லொறி. எந்த வாகனத்தில் ஏறினாலும் முதல் வேலையாகக் கண்ணாடிகளைத் திருத்துவாள். மற்றச் சாரதிகள் கழுத்தால் பார்ப்பதை அவள் கண்ணாடியால் பார்த்தாள். பன்னிரண்டு வருடத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை.

அவளுக்கு நாற்பத்தேழு வயதாகும்போதுதான் சுவிஸிலிருந்து ஜெயரூபன் வந்தார். பழைய பஸ் ஒன்றை வாங்கி, முன்பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பின்னால் கட்டில், சமைக்கக் குசினி, கக்கூஸ் எல்லாம் வைத்த ஒரு வீட்டையே கட்டச் சொல்லி நெல்லியடியில் சூசைதாசனுடைய கராஜில் விட்டார். வெளிநாட்டிலிருந்து வரும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு குடாநாடு முழுக்கச் சுற்றிக் காட்டுவது திட்டம். விளம்பரத்துக்குப் பெண் சாரதி என்றால் எடுப்பாக இருக்கும் என்று சிவகௌரியை வேலைக்கு எடுத்தார். காரணம் எதுவாக இருந்தால் என்ன, வேலை வேலைதானே என்று அவள் போனாள்.

பஸ்ஸின் கூடு கட்டி முடிந்த அன்று அவள் சாரதி ஆசனத்தில் ஏறி இருந்து பார்த்தாள். கண்ணாடிகள் பழைய பஸ்ஸினுடையவை. புதிய கூடோ இரண்டு பக்கமும் அரை அடி கூடுதல் அகலம். இடது கண்ணாடியில் வெள்ளைத் தகரத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

"சூசைதாசன் அண்ணை, இதிலை றோட்டு தெரியேல்லை, உங்கடை தகரந்தான் தெரியுது."

"பிள்ளை, பெயின்ற் நல்லாய் இருக்கெண்டு சொல்லுறியோ?"

அவள் சிரிக்கவில்லை. கண்ணாடிகளைப் பூட்ட நீளமான இரும்புக் கை இரண்டு அடித்துத் தரச் சொன்னாள். அவர் அடித்துப் பூட்டினார். பிறகு அவரையே பஸ்ஸின் பின்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக மெல்ல மெல்ல முன்னுக்கு நடந்து வரச் சொன்னாள். அவர் கண்ணாடியிலிருந்து மறைந்ததும் "இப்ப காணேல்லை" என்று கத்துவாள். அவர் நிலத்தில் சோக்கால் ஒரு கோடு போடுவார். திரும்பத் தெரிந்ததும் இன்னொரு கோடு. முதல் தரம் இரண்டு கோட்டுக்கும் இடையில் பத்தடி இருந்தது. ஒரு சைக்கிளும் அதில் இருக்கிற ஆளும் முழுதாக ஒளிந்துகொள்ளப் போதும்.

பெரிய கண்ணாடியின் உள் ஓரத்தில் பஸ்ஸின் பக்கச் சுவர் விரலகலம் மட்டும் தெரிய வேண்டும், மிச்சமெல்லாம் றோட்டாக இருக்க வேண்டும். அதற்குக் கீழே வட்டமான குவிந்த கண்ணாடி, பின் சில்லையும் அது உருளும் நிலத்தையும் பார்க்க. முன் மூலையில் இன்னொன்று, பஸ்ஸின் மூக்குக்குக் கீழே நிற்கிறவர்களைப் பார்க்க. ஒன்றை அசைத்தால் மற்றது பிழைத்தது. சூசைதாசன் காலையிலிருந்து பின்னேரம் வரை நடந்தார்.

"பெரிய வெள்ளியிலை சிலுவைப்பாதைக்கும் நான் இவ்வளவு நடக்கேல்லை, பிள்ளை" என்றார் கடைசியில். அப்போது கோடுகளுக்கு இடையில் ஒரு காலடிதான் மிஞ்சியிருந்தது.

எட்டு மாதம் அவள் அந்த பஸ்ஸை ஓட்டினாள். கீரிமலை, காரைநகர், மணற்காடு. அந்த எட்டு மாதம் நன்றாக இருந்தது என்பதற்கு மேல் அவள் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. காலையில் கண்ணாடிகளைத் துடைக்கும்போது பாடுவாள் என்று சூசைதாசன் சொல்லித்தான் தெரியும்.

ஆவணியில் ஜெயரூபன் மனைவி தனுசியாவோடு வந்தார். பஸ்ஸைப் பார்த்ததும் தனுசியா, "என்னப்பா, யானைக் காது மாதிரி" என்றாள். படத்தில் அவலட்சணமாக விழுகிறது என்றாள். அதுமட்டுமல்ல, போன மாதம் இறங்கி வந்த ஒரு பயணியின் நெற்றியில் கண்ணாடி இடித்து வீங்கியதும், அவர் இணையத்தில் குறை எழுதியதும் உண்மைதான். சிவகௌரி தாயின் திவசத்துக்கு இரண்டு நாள் லீவு எடுத்துத் திரும்பி வந்தபோது கண்ணாடிகளின் இரும்புக் கைகள் இரண்டும் முக்கால் அடி வெட்டப்பட்டிருந்தன. முன் மூலைக் கண்ணாடியைக் காணவே இல்லை.

அவள் ஏறி இருந்து பார்த்துவிட்டு இறங்கி ஜெயரூபனிடம் வந்தாள்.

"அண்ணை, இடப்பக்கம் ஒண்டும் தெரியேல்லை. சைக்கிளிலை வாறவன் செத்துப்போவான்."

"சிவகௌரி, ஒரு கண்ணாடிக்கு உவ்வளவு கதையோ? நான் சுவிஸிலை இருவத்தைஞ்சு வருசமாய் வாகனம் ஓடுறன். கொஞ்சம் எட்டிப் பாத்தால் எல்லாம் தெரியும்."

"எனக்கு எட்டிப் பாக்க ஏலாது."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று வாயை மூடிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஜெயரூபன் அவளுடைய கழுத்தை முதல்முறையாக உற்றுப் பார்த்தார்.

"அப்ப பிழை கண்ணாடியிலை இல்லையே" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. "உந்தக் கழுத்தோடை பெரிய வாகனம் ஓடுறதெண்டு நீர் எனக்கு முதலே சொல்லியிருக்க வேணும்."

அவள் கையிலிருந்த பஸ் திறப்பைப் படியில் வைத்துவிட்டு நடந்தாள். ஜெயரூபனின் ஒன்றுவிட்ட தம்பி நிருஷன் அடுத்த நாளே வேலைக்கு வந்தான். முப்பத்திரண்டு வயது, நல்ல உயரம், வாளிப்பான கழுத்து.

இரும்புக் கடைக்காரர் வேறு ஆளை எடுத்துவிட்டார். கழுத்துக் கதை அதற்குள் ஊர் முழுக்கப் போயிருந்தது. பள்ளிக்கூட வான்காரரும் கையை விரித்தார். சிவகௌரி வீட்டிலிருந்து பனங்கிழங்கு அவித்து, காயவைத்து, மாவாக இடித்து, பொதி செய்து கடைகளுக்குக் கொடுத்தாள். பிரதான வீதியில் வீட்டு பஸ்ஸின் கோர்ன் கேட்டால் உலக்கையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பாள். முதலில் அது பயம். யாருக்கும் ஒன்றும் ஆகக் கூடாதே என்றுதான் கேட்டாள். இரண்டு மாதம் போயிற்று, மூன்று மாதம் போயிற்று, பஸ் ஓடிக்கொண்டே இருந்தது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

நெல்லியடிக்குப் போகும்போதெல்லாம் சூசைதாசனிடம் கேட்பாள்.

"அண்ணை, ஏதும் நடந்ததோ?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை. பெடியன் நல்லாய்த்தான் ஓடுறான்."

அவளுக்கு முகம் கறுத்துப்போகும். வீட்டுக்கு வந்து போனில் விபத்துச் செய்திகளாகப் பார்ப்பாள். வான் மோதியது, ட்றக்டர் புரண்டது, வீட்டு பஸ் மட்டும் இல்லை. எப்போது பயம் போய் எதிர்பார்ப்பு வந்தது என்று அவளுக்கே தெரியாது. இடப்பக்கம் ஒரு சைக்கிள், ஒரு இலேசான தட்டு, கால்முறிவு கூட வேண்டாம், சிராய்ப்பு போதும் என்று மனதுக்குள் பேரம் பேசிக்கொண்டு இருப்பாள். பிறகு எழுந்து போய்க் கிணற்றடியில் முகத்தைக் கழுவுவாள்.

பங்குனி மாதம் ஒரு மத்தியானம், பக்கத்து வீட்டு அருந்ததி வேலிக்கு மேலால் கூப்பிட்டாள்.

"அக்கா, வீட்டு பஸ் அடிபட்டிட்டுதாம். கொடிகாமத்திலை."

சிவகௌரி மாவுக் கையைக் கழுவக்கூட இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு நெல்லியடிக்கு மிதித்து, அங்கே கொடிகாமம் பஸ்ஸில் ஏறினாள். தான் பாட்டொன்றை முணுமுணுத்துக்கொண்டிருப்பதை, முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தபோதுதான் அறிந்தாள்.

பஸ் ஒரு பழக்கடைக்கு முன்னால், வீதிக் கரையோடு ஒழுங்காக நிறுத்தப்பட்டிருந்தது. மணல் ஏற்றிவந்த டிப்பர் ஒன்று பிறேக் பிடிக்காமல் பின்னால் வந்து ஏறியிருந்தது. குசினி நொறுங்கிக் கிடந்தது. பயணிகள் கடைக்குள் நின்றதால் தப்பிவிட்டார்கள். உள்ளே தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்த நிருஷனுக்கு மட்டும் வலது கை இரண்டு இடத்தில் முறிவு.

முன்னால் இடது கண்ணாடி கீறல்கூட இல்லாமல் இருந்தது. இந்த விபத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சனம் "ஐயோ, நல்ல பெடியன்" என்று சொல்லிக்கொண்டு நின்றது. சிவகௌரிக்கு வந்தது ஏமாற்றம். அது ஏமாற்றம்தான், வேறெந்தப் பெயரும் அதற்குப் பொருந்தவில்லை.

ஆஸ்பத்திரிக்கும் போனாள். போகாமல் திரும்ப அவளால் முடியவில்லை. நிருஷன் மாவுக்கட்டோடு கிடந்தான்.

"எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இன்னும் வரேல்லை, அக்கா. நீங்கள்தான் முதல் ஆள்." அவன் கண் கலங்கியது. "உங்கடை வேலையை நான் எடுத்தனான். இருந்தும் ஓடி வந்திருக்கிறியள்."

அவள் அவனுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். கையில் காய்ந்திருந்த மாவு போத்தலில் ஒட்டியது.

ஒரு மாதம் கழித்து, பஸ் திருத்தி முடிந்ததும், ஜெயரூபன் சுவிஸிலிருந்து போன் எடுத்தார். சீசன் தொடங்குகிறது, நிருஷனுக்குக் கை சரிவர ஆறு மாதம் ஆகும், அவசரத்துக்கு வேறு ஆள் இல்லை என்றார்.

"ஆனால் கண்ணாடிக் கதை எடுக்கப்படாது, சிவகௌரி."

அவளிடம் சொல்ல வசனம் இருந்தது. கண்ணாடியைத் திரும்பப் பூட்டினால்தான் ஏறுவேன் என்று எட்டு மாதமாகப் பாடமாக்கி வைத்த வசனம். ஆனால் யாருக்காவது அடிபட வேண்டும் என்று காத்திருந்தவள் எந்த வாயால் அதைச் சொல்வது?

"ஓம் அண்ணை. எடுக்கமாட்டன்" என்றாள்.

முதல் பயணம் கனடாக் குடும்பம் ஒன்று. நெல்லியடிச் சந்தியில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். கண்ணாடியில் வெள்ளைத் தகரம். கழுத்து திரும்பவில்லை. அவள் பஸ்ஸை நிறுத்தி, கை பிறேக்கை இழுத்து, இறங்கி, முன்னால் சுற்றிப் போய் இடப்பக்கத்தை முழுக்க நடந்து பார்த்தாள். சைக்கிளோடு நின்ற ஒரு கிழவரைத் தள்ளி நிற்கச் சொன்னாள். ஓடி வந்து ஏறித் திருப்பினாள். பின்னால் நின்ற வாகனங்கள் எல்லாம் கோர்ன் அடித்தன. அடுத்த திருப்பத்திலும் இறங்கினாள். அதற்கடுத்ததிலும்.

பயணிகளுக்கு அது பெரிய வேடிக்கை. ஒருத்தி போனில் படம் பிடித்து, பாட்டுப் போட்டு இணையத்தில் விட்டாள். 'ட்றைவர் அக்கா பஸ்ஸைச் சுத்திக் கும்பிடுறா' என்று தலைப்பு. இரண்டு நாளில் ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். ஜெயரூபன் மறுபடி போன் எடுத்தார், நல்ல சந்தோசமாக.

"சிவகௌரி, நல்லாய்ப் போகுது. உந்தச் சுத்துறதை விடாதையும், அப்பிடியே செய்யும். சனத்துக்குப் பிடிச்சிருக்கு."

அடுத்த சனிக்கிழமை ஏறியவர்கள் சந்தி வருவதற்கு முன்னமே போன்களை எடுத்து வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நெருக்கி நின்றார்கள். சிவகௌரி பஸ்ஸை நிறுத்தினாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, இறங்கினாள்.